கார்த்திக் பெயரில் ஒரு அடிபம்பு

சரவணா,

பிளசன்டனில் உன் அபார்ட்மென்டில் உட்கார்ந்து இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிக்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். இங்கே பிளானோவில் தமிழ்ப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். இங்கிலீஷில் எழுதினால் அரை நிமிஷத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவாய். தமிழ் உனக்கு மெதுவாகத்தான் ஏறும். மெதுவாகப் படிப்பவனுக்குக் கோபமும் மெதுவாகத்தான் வரும். போன சனிக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தாயே, அந்த மாதிரி இதைச் சட்டென்று வைக்க முடியாது.

இதை உன்னைத் தவிர மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தொண்டுக் குழுவின் தலைவர் ராகவன் அங்கிள், இந்த வருஷத்து விழா மலருக்கு 'கார்த்திக்கின் அம்மாவிடமிருந்து நாலு வார்த்தை' வேண்டும் என்று கேட்டார். இதுதான் என் நாலு வார்த்தை. மலரில் போடாவிட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் நானே போட்டுவிடுவேன். கார்த்திக் என் மூத்த பிள்ளை. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது டோல்வே நெடுஞ்சாலையில் யாரோ பார்க்காமல் லேன் மாறி இடித்ததில் போய்விட்டான். அதற்கு முந்தைய கோடை விடுமுறையில் அவன் டான்சானியாவின் வட பகுதியில் ஒரு கிராமத்தில் தொண்டு வேலைக்குப் போய்த் தங்கியிருந்தான். மாடுகள் நிற்கிற குட்டையில்தான் மனிதர்களும் தண்ணீர் மொள்கிறார்கள் அம்மா என்று போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். அதனால் அவனுடைய முதல் வருஷத் திதியன்று அந்த ஊரில் ஒரு போர்வெல் போட்டு, அடிபம்பு வைத்து, அவன் பெயரைக் கல்லில் பொறித்தோம். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறது. அது குடிக்கக் கூடாத தண்ணீர். வெள்ளிக்கிழமை நீ பேனரும் டீ-ஷர்ட்டுமாக அதே ஊருக்கு, பம்பு வைத்த நாளை விழாவாகக் கொண்டாடக் கிளம்புகிறாய். விஷயம் உனக்குத் தெரியும். தெரிந்தும், விழா முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறாய்.

என் பல்லைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டுச் சின்ன வயதில் நீ ஒருமுறை கேட்டாய், "அம்மா, ஒய் ஆர் யூ சோ மேட்? எல்லாரும் சிரிக்கறாங்க, நீ மட்டும் சிரிக்கவே இல்ல?" நான் கோபமாக இல்லை கண்ணா. வாயைத் திறந்தால் பல் தெரிந்துவிடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். தர்மபுரிப் பக்கத்தில் எங்கள் தெருவில் பிறந்த எல்லோருக்கும், தண்ணீரில் இருந்த இதே ஃபுளோரைடால், காவிப் பல். சுண்ணாம்பு பூசியது போல முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு அதன்மேல் பழுப்புக் கோடு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்காத சோம்பேறிகள் என்று வெளியூர் டீச்சர்கள் திட்டுவார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் வாயே திறக்காததால், பெண்ணுக்கு ரொம்பத் திமிர் என்று உன் அப்பா வீட்டில் பேசிக்கொண்டார்களாம். அவர் என் பல்லைப் பார்த்ததே தாலி கட்டி முடித்த பிறகுதான். பாவம், ஒன்றும் சொல்லவில்லை. பிளானோவுக்கு வந்து, வேலைக்குச் சேர்ந்ததும் நான் செய்த முதல் காரியம் டென்டிஸ்டிடம் போய் முன்பல் அத்தனைக்கும் மேலே வெள்ளை மூடி போட்டுக்கொண்டதுதான். நீங்கள் இரண்டு பேரும் பார்த்து வளர்ந்த அம்மாவின் சிரிப்பு அந்த டென்டிஸ்ட் கொடுத்த சிரிப்பு.

டூத்பேஸ்ட் கதை மட்டும் உனக்கு நன்றாக நினைவிருக்கும். நீங்கள் பல் தேய்க்கும்போது பாத்ரூம் வாசலில் நான் காவல் நிற்பேன். பட்டாணி அளவுக்கு மேல் பேஸ்ட் எடுத்தால் கையில் ஒரு தட்டு. விழுங்கினால் வீடே இரண்டுபடும். கார்த்திக் எனக்கு 'டூத்பேஸ்ட் போலீஸ்' என்று பெயர் வைத்தான், நீ விசில் ஊதிக்கொண்டே துப்புவாய். குழந்தைகளுக்கு இவ்வளவு பயம் காட்டாதீர்கள், ஃபுளோரைடு கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லதுதான் என்று டென்டிஸ்ட் எனக்குப் பாடம் எடுத்தார். அவர் சொன்னது சரிதான், ஆனால் கொஞ்சம் என்பது எவ்வளவு என்று எங்கள் தெருவுக்கு யாரும் சொன்னதில்லை. அவ்வளவு பயந்த நான், ஒரு ஊரே குடிக்கப் போகிற தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று இந்த மாதம் முழுக்க யோசித்துவிட்டேன். ஆப்பிரிக்கா என்றால் எனக்குக் கிருமிதான் தோன்றியது. காவிப் பல் எங்கள் தெருவின் அவமானம், அதை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு நாட்டில், இன்னொரு நிலத்துக்கடியில் அதே சனியன் உட்கார்ந்திருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

திதி அன்றைக்கு நடந்ததை உன் பக்கத்திலிருந்து நீ போனில் சொன்னாய். என் பக்கத்திலிருந்து நானும் சொல்கிறேன். கோயில் குருக்கள் பஞ்சாங்கம் பார்த்து மாசி மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார். அங்கே போர் போடுகிற லாரி பழுதாகி நின்றுவிட்டது. தண்ணீர் வந்ததே திதிக்கு ஓரிரு நாள் முன்னால்தான். போர் போட்ட ஆள் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக் கொடுத்து, இதை டவுனில் இருக்கிற லேபுக்கு அனுப்புங்கள், ரிசல்ட் வந்த பிறகு திறந்தால் போதும் என்றார். ராகவன் அங்கிளிடம் கிருமி பார்க்கிற கிட் இருந்தது. அதில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. உன் அப்பா ஒரு டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு. இதுக்கு மேல என்ன டெஸ்ட்? திதியைத் தள்ளிப் போட முடியுமா?" என்றார். நம் ஜனங்களுக்கு நாள் தவறக் கூடாது. நாள் தவறினால் பிள்ளைக்குப் போய்ச் சேராது. அப்போது நீ ஹைஸ்கூல் பையன், வேர்த்து ஒழுகிக்கொண்டு ஓரமாக நின்றவன், "லேப் ரிசல்ட் இன்னும் வரலையே? ஹவ் கேன் வீ ஓப்பன் இட்?" என்று கேட்டாய். அப்பா, "இன்னைக்கு உங்க அண்ணன் திதி. வாயைத் திறக்காத" என்றார். நான் உன் தோளைப் பிடித்து அழுத்தினேன், பேசாதே என்று. அந்த பாட்டில் ஜீப்பிலிருந்து ஓட்டல் அறைக்குப் போனதோ, அங்கேயே கிடந்ததோ, லேபுக்குப் போகவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நீமா டீச்சரை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கார்த்திக் அந்த ஊரில் தங்கியது அவள் வீட்டில்தான். பம்பு திறந்த அன்று அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது, ரெஹேமா என்று பெயர். முதல் குடத்தை நான்தான் அடித்தேன். பெண்கள் எல்லாம் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள், நம்மூர்க் குலவையேதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளையின் பிண்டத்துக்குச் சோறு வடித்த அதே கையால் அந்தத் தண்ணீரை அள்ளி ரெஹேமாவின் வாயில் கொஞ்சம் ஊற்றினேன். அது சப்புக்கொட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு 'மாமா கார்த்திக்' என்று பெயர். அவர்கள் பாஷையில் மாமா என்றால் அம்மா, மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் தாயைக் கூப்பிடுவார்கள். பிளானோவில் என்னைக் கார்த்திக் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவன் போன பிறகு கூச்சப்பட்டு அதை நிறுத்திவிட்டார்கள். அந்த ஊர் மட்டும்தான் விடாமல் கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீமா போன் பண்ணி 'மாமா கார்த்திக், சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால், எனக்கு அந்த வாரம் ஓடிவிடும்.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். விழாவுக்காகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பம்பைச் சுற்றி நின்று ஒரு பாட்டு ஒத்திகை பார்க்கிறார்கள். முன்வரிசையில் ரெஹேமா, நன்றாக வளர்ந்துவிட்டாள். யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கும்போது கையைக் கொண்டுபோய் வாயை மறைத்துக்கொண்டாள். சரவணா, அந்தக் கையை எனக்குத் தெரியும். நான் இருபது வயதுவரை வைத்திருந்த கை அது. வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, பக்கத்துப் பிள்ளைகளையும் பார்த்தேன். வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு. ஓரத்தில் ஒரு சிறுமியின் முழங்கால்கள், எலும்பு வளைந்து, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டிருந்தன. பெரிய பிள்ளைகளுக்கு, பம்பு வருவதற்கு முன்னாலேயே பால் பல் விழுந்து முளைத்தவர்களுக்கு, ஒன்றும் இல்லை. பளிச்சென்று சிரிக்கிறார்கள். சில நாட்கள் நான் யாரிடமும் சொல்லவில்லை. வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பிறகு மனசு கேட்காமல், ஒரு செக்கப்புக்கு என்று நீமாவிடம் பொய் சொல்லி டவுன் லேபுக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பச் சொன்னேன். ரிசல்ட் எனக்கும் ராகவன் அங்கிளுக்கும் ஈமெயிலில் வந்தது. குடிக்கலாம் என்கிற அளவைப் போலப் பல மடங்கு.

உன் அப்பா தினமும் காபியோடு உட்கார்ந்து அந்தப் பம்பு திறந்த வீடியோவைப் பார்ப்பார் என்பது உனக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்குக் கிளம்புவார். அவரிடம் நான் சொன்னபோது டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார், "அவனை ரெண்டாவது தடவை சாகடிக்காத." அவ்வளவுதான் பேசினார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. காபியை மட்டும் வாங்கிக்கொள்கிறார். ராகவன் அங்கிளோ நிறையப் பேசினார். "நீங்க எமோஷனலா பார்க்கறீங்க. நான் இல்லேன்னு சொல்லல, இஷ்யூ இருக்கு. ஆனா விழாவுக்கு ஆள் வர்ற நேரத்துல இதைக் கிளப்பினா அடுத்த ஊர்ல போட இருக்கற போர்வெல் எல்லாம் நின்னுடும். ஃபங்ஷன் முடியட்டும், சைலன்ட்டா ஒரு ஃபில்டர் வெச்சுடலாம்" என்றார். "அடுத்த ஊர்லயும் டெஸ்ட் பண்ணாமத்தான் போடப் போறீங்களா, அண்ணா?" என்று கேட்டேன். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், உன் அண்ணன் போன அன்று ஆஸ்பத்திரியில் எங்களை விட்டு நகராமல் நின்றவர், அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

பிறகு உன்னைக் கூப்பிட்டேன். நீயாவது துள்ளி எழுவாய் என்று நினைத்தேன். நீ சொன்னாய், "அம்மா, லெட்ஸ் பி ரியல். பம்ப் வர்றதுக்கு முன்னாடி அங்க பேபீஸ் வயித்துப்போக்குல செத்துட்டு இருந்தாங்க. யாரும் பல்லுல கறை இருந்தா சாகறதில்ல." நீ சொன்னதில் பொய் இல்லை. குட்டைத் தண்ணீர் குடித்துச் செத்த குழந்தைகளின் பெயர் நீமாவுக்கு ஒவ்வொன்றாகத் தெரியும், பம்பு வந்த பிறகு அது குறைந்தது என்பதும் நிஜம். ஆனால் எங்கள் பெரியப்பா ஒருவர் இருந்தார். அவரும் சாகவில்லை. தறி ஓட்டிய மனிதர், எங்கள் ஊர்த் தண்ணீர் எலும்பில் ஏறி நாற்பது வயதுக்குள் கழுத்து இறுகிவிட்டது. யாராவது பின்னால் கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாமல் முழு உடம்பையும் திருப்புவார். அப்புறம் முதுகு வளைந்து, தரையைப் பார்த்தபடியே நடந்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு வானம் தெரிய வேண்டுமென்றால் மல்லாத்திப் படுக்க வைக்கவேண்டும், அப்படிப் படுக்கவும் அவரால் முடியாது. அப்படியே ரொம்ப வருஷம் உயிரோடு இருந்தார். ரெஹேமாவின் வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் நாம் அதைத்தான் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் விடாமல் பேசவும் உனக்கு வெடித்துவிட்டது. "அன்னைக்கு நான் கேட்டேன்ல? யாராவது லிஸன் பண்ணீங்களா? வாயை மூடுன்னு சொன்னீங்க. இத்தனை வருஷம் நான் மூடிட்டுத்தான் இருந்தேன். நவ் யூ வான்ட் மீ டு க்ளீன் அப்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தாய். நீ வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இந்தியக் கடை பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டாய், நாங்கள் கேட்கவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. பெரியவன் போன வீட்டில் சின்னவன் என்ன செய்வான்? அவன் பெயரில் ஓட்டப்பந்தயம், அவன் பெயரில் டின்னர், அவன் முகம் போட்ட டீ-ஷர்ட், எல்லாவற்றையும் நீதான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாய். கார்த்திக்குக்குத் தம்பியாக இருப்பதையே உனக்கு ஒரு வேலையாக ஆக்கிவிட்டோம். உனக்கு என்ன பிடிக்கும், யாரைப் பிடிக்கும், ஏன் இன்னும் தனியாக இருக்கிறாய் என்று நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்றே ஞாபகம் இல்லை. அந்த ஊரில் என்னைக் கார்த்திக்கின் அம்மா என்று கூப்பிடும்போது, எனக்கு இன்னொரு பிள்ளையும் இருக்கிறான், இதோ பக்கத்தில் நிற்கிறான் என்று ஒரு தடவைகூடச் சொல்லத் தோன்றியதில்லை. உனக்கு அது வலித்திருக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாய்.

அதனால் இந்தக் காரியத்தை உன் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை என்று உனக்குத் தோன்றினால், அது நியாயம். ஆனாலும் கட்டுகிறேன். வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறவன் நீதான், எனக்கு வேறு ஆள் இல்லை. முதலில் பயந்துகொண்டே இருந்தேன், பிறகு நீ போய்ச் சொல்வதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நேற்றுமுன்தினம் காலையில் நானே நீமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அங்கே அப்போது சாயங்காலம். எங்களுக்குள் இங்கிலீஷ்தான், அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். செக்கப்புக்கு என்று நான் சொன்னது பொய் என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "நான் தினமும் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறேன்?" என்று கேட்டாள். கொதிக்க வைத்தால் கிருமிதான் போகும், இது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும் என்று சொன்னேன். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்லிக்கொடுத்ததே நம் குழு ஆட்கள்தான். அவள் கேட்டாள், "சரி. இன்றைக்கு ராத்திரிச் சமையலுக்கு நான் எந்தத் தண்ணீரை எடுக்கட்டும்?"

சரவணா, இவ்வளவு படித்தவர்கள், இவ்வளவு மீட்டிங் போட்டவர்கள், எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அவளே போனை வைத்தாள். மறுநாள் கூப்பிட்டாள். ஊர்ப் பெண்களைக் கூட்டிச் சொல்லிவிட்டாளாம். சிலர் அழுதார்களாம். ஒருத்தி, பம்பு வைத்தவர்கள் தெரிந்தேதான் கொடுத்தார்களா என்று கேட்டாளாம். இன்னொருத்தி, பம்பைக் கழற்றிக்கொண்டு போகத்தான் இந்தக் கதை என்றாளாம். குட்டை இப்போது காய்ந்து கிடக்கிறது, நடுவில் இருக்கிற கொஞ்சமும் மாட்டு மூத்திரம். அதனால் விடிந்ததும் எல்லோரும் கேனை எடுத்துக்கொண்டு அதே பம்புக்குத்தான் வந்தார்களாம். "நானும்தான் போனேன். வேறு என்ன செய்ய, மேடம்?" என்றாள். மேடம் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஊரில் என்னை மேடம் என்று கூப்பிட நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஒரு பெயரைச் சொல்ல இனிமேல் யாரும் இல்லை. அது எனக்கு வேண்டியதுதான், நான் அதற்காக உன்னிடம் அழவில்லை.

நீ போ. விழாவுக்குப் போகாதே, வேலைக்குப் போ. அந்த டீ-ஷர்ட்டுகளைப் பெட்டியில் வைக்காதே, பேனரைக் கொண்டுபோகாதே, பிள்ளைகளைப் பாடச் சொல்லாதே, பம்புக்கு முன்னால் யாரையும் நிற்க வைத்துப் படம் எடுக்காதே. அங்கே பங்குனியில் பெருமழை தொடங்கும். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய தகரக் கூரை இருக்கிறது, அதன் ஓரத்தில் தண்ணீர் ஓடிவரத் தகரவாய் அடித்து, கீழே தொட்டி வைத்தால் குடிக்கவும் சமைக்கவும் மழைத் தண்ணீர் கிடைக்கும். அதுவரைக்கும் டவுனிலிருந்து லாரியில் தண்ணீர் வர வேண்டும். இந்த ஃபுளோரைடைப் பற்றி அந்த நாட்டிலேயே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ராகவன் அங்கிளைக் கேட்காதே, அவர்களைத் தேடிப் போய்க் கேள். பம்பைப் பிடுங்க வேண்டாம், துணி துவைக்க, மாட்டுக்கு, குளிக்க ஆகும். உன் அண்ணன் பெயர் அந்தக் கல்லில் இருப்பதா போவதா என்பதை அந்த ஊர்ப் பெண்கள் சொல்லட்டும். உடைக்கச் சொன்னால் நீயே சுத்தியலை எடுத்துக்கொடு. திட்டினால் நின்று கேட்டுக்கொள். 'அண்ணன் நல்ல மனசோடதான்' என்று ஆரம்பிக்காதே, நல்ல மனசு அவர்களுக்கு இப்போது எதற்கும் ஆகாது. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் என்றைக்குப் பேசுகிறாரோ பேசட்டும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீமாவுக்கு இன்னொரு பெண் குழந்தை இருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்காது, நீ கடைசியாகப் போனபோது அவள் பிறக்கவில்லை. இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ரெஹேமாவுக்கு வந்தது வந்துவிட்டது. இந்தச் சின்னவளுக்குப் பால் பல்லே இன்னும் முழுசாக முளைக்கவில்லை. அடுத்து வரவேண்டிய பல் ஈறுக்குள்ளே இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. நேற்றும் அவளுக்கு அந்தத் தண்ணீரில்தான் கஞ்சி, நாளைக்கும் அதில்தான். விழா முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறாயே, அதுவரைக்கும் அவள் எதைக் குடிப்பாள் என்று நீயே நீமாவைக் கூப்பிட்டுக் கேள்.

அம்மா